ஒன்பதாவது அளவு

ஒன்பது முறை அள, ஒரு முறை வெட்டு
என்பது எங்கள் ஊர் வழக்கு.
ரஷ்யர்களுக்கு ஏழே போதும்.
மிச்ச இரண்டு
எங்கள் சந்தேகமா கஞ்சத்தனமா என்று
வல்காவில் இன்னும் வாக்குவாதம் தீரவில்லை.

நான் கண்ணாடி பொருத்துகிறவன்.
பிப்ரவரி மூன்றாம் வாரம்
கூரைப் பனி மொத்தமாய்ச் சரிந்ததில்
பஸ் ஓட்டும் ஹில்லேயின் சமையலறை ஜன்னல் போயிற்று.
போனேன். அளந்தேன்.
மேலே, நடுவே, கீழே.
இடம், வலம், அதன் நடு.
மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு.
ஒன்பதாவது, மரியாதைக்காக.
எல்லாவற்றையும் சிகரெட் அட்டையின் உள்புறம் எழுதி
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கண்ணாடி தார்த்துவிலிருந்து வர எட்டு நாள்.
அதுவரை தாங்கட்டும் என்று
பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன்.

வந்தது. வெட்டினேன்.
ஒரே கீறல், ஒரே தட்டு.
போர்வையில் சுற்றிச் சறுக்குவண்டியில் கிடத்தி
கைக்குழந்தையைப்போல் இழுத்துப்போனேன்.
பொருந்தவில்லை.
மூன்று மில்லிமீட்டர்.

மூன்று மில்லிமீட்டர் என்பது
ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெய்.
ஜன்னலில் அது மலை.

டேப்பை நம்பாமல் மடக்குக்கோலை எடுத்தேன்.
அட்டையைப் பார்த்தேன், எண்கள் சரி.
கண்ணாடியைப் பார்த்தேன், அதுவும் சரி.
மாறியிருந்தது சட்டம்.
எட்டு நாளும் ஹில்லே உருளைக்கிழங்கு வேகவைத்திருக்கிறாள்.
ஆவி போக வழியில்லாமல்
பழைய பைன் மரம் அத்தனையையும் குடித்து உப்பிவிட்டது.

பழமொழியை முதலில் சொன்னவன்
துணி வெட்டியிருப்பான்.
துணி தன் பாட்டுக்குப் பெட்டியில் கிடக்கும்.

அப்போதுதான் உறைத்தது:
ஒரே மத்தியானம் எடுத்த ஒன்பது அளவும்
ஓர் அளவுதான்.

இது எனக்குப் பிடிக்கவில்லை.
ஏனென்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் லாத்வியா,
அங்கே என் தம்பி லெம்பித்.
இந்தக் கரை வல்கா, அந்தக் கரையும் வல்கா.
பலகையில் ஓர் எழுத்து வேறு,
பசித்த வாய்க்கு இரண்டும் ஒன்று.
நடந்தால் பதினோரு நிமிடம்.
படகு எஞ்சின் ஒன்றின் பேரில்
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
நன்றாக யோசித்துத்தான் அறுத்தேன்,
ஒன்பது முறை.
எல்லாம் ஒரே ராத்திரி,
ஒரே நாற்காலி, ஒரே பாட்டில்.

"கண்ணாடி ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கிறேன்" என்றேன்.
ஹில்லே இரண்டரைக்கு வண்டி எடுக்க வேண்டும்.
சீருடையோடு முக்காலியில் ஏறி
என் பையிலிருந்த இழைப்புளியை எடுத்தாள்.
"விட்டுக்கொடுக்கத் தெரியாததோடு என்ன மல்லுக்கட்டு?
மரம் கேட்கும்."
இழைக்கத் தெரியவில்லை அவளுக்கு.
இரண்டு இடத்தில் பள்ளம்.
புட்டி வைத்து மூடினேன்.
கண்ணாடி உட்கார்ந்தது.

வசந்தத்தில் மரம் காய்ந்து சுருங்கும்,
இடுக்கில் காற்று விசில் அடிக்கும்,
கூப்பிட்டுத் திட்டுவாள்.
திட்டட்டும், அப்போது ஒரு தரம் அளக்கிறேன்.

லெம்பித்தும் நானும்
இரண்டு பேருமே கண்ணாடி என்றுதான்
இத்தனை நாள் சாதித்தோம்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முக்கில் திரும்பவில்லை.
அதற்குப் பெரிய காரணம் சொல்ல முடியாது.
வண்டி காலி.
சரிவு ஓடைப் பக்கம்.

கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கோட்டுக் கையில் சுருண்டு ஒட்டியிருந்த சீவலை எடுத்து
மூக்கருகே பிடித்தான்.
"பைனா?"
"பைன்தான். ஈரம்."
உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.
ஜன்னலெல்லாம் ஆவி.