மூன்றாம் நொடி

தஹ்ரானில் வெள்ளி மாலை. ஈரக்காற்றில்
மடிக்கணினித் திரை வியர்க்கிறது.
வாரமெல்லாம் எண்ணெய்க் கிணறுகளின் அழுத்தம் பார்ப்பவன்
இங்கே நுஃபைலின் அழுத்தம் பார்க்கிறேன்.

பதினாறு வயது குவாட்டர்பேக்.
செப்டம்பரில் பந்து அவன் கையில் தங்கியது
மூன்று புள்ளி நான்கு நொடி.
இப்போது இரண்டு புள்ளி ஏழு.
கணக்கு எதிர்பார்த்ததைவிட
நூற்றுக்கு நாலு பந்து கூடுதலாய்க் கைசேர்கிறது.
இடப்பக்கம் ஓடும்போது மட்டும் கோடு சரியும்.

"மார்க் ஷீட்டா அங்கிள்?"
"இல்லடா, வானிலை அறிக்கை."

கடைசி ஆட்டத்தில் ஷமால் எழுந்து
எல்லைக்கோட்டைத் தின்றது.
கேமரா குருடு. என் கண்தான் சாட்சி.
மூன்று பேர் பாய்கிறார்கள்;
அக்டோபர் என்றால் கண்ணை மூடி நடுவில் எறிந்திருப்பான்.
இன்று தலை திருப்பினான்,
ஆளில்லாத ஓரமாய்ப் பந்தைப் போட்டான்,
குப்பை போடுவதுபோல.

ஆட்டப் புத்தகத்தில்: தவறிய வீச்சு, ஒன்று.
கூட்டம் உச்சுக் கொட்டியது. அவன் அப்பாவும்.

வேண்டுமென்றே வீணாக்கிய பந்துக்கு
என் அட்டவணையில் பத்தி இல்லை.
இரவு இரண்டு மணிக்கு ஒன்று சேர்த்தேன்,
விசைப்பலகையில் மணல் நெறுநெறுக்க.

அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால்
அதற்காகவே எறிவான்.