வேண்டுதல்

அறந்தாங்கி தாண்டியதும் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.
கடலூரிலிருந்து மூன்று நாளாக
ஒவ்வொரு டீக்கடையிலும் அதே விசாரணை.
தனியாவா? எதுக்கு? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?
நாற்பத்து நான்கு வயதில் ஒருத்தி
சைக்கிளிலேயே தூத்துக்குடி வரை போவதற்கான காரணம்
எனக்கே இரண்டு வாக்கியத்துக்குள் அடங்காது.
"திருச்செந்தூருக்கு. வேண்டுதல்" என்றேன்.
கேள்விகள் அணைந்தன.
பிஸ்கட்டுக்குக் காசு வாங்கவில்லை அந்த ஆள்.

புதுவயலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்
சீமைக்கருவேல முள் பின்சக்கரத்தில் ஏறியது.
உருட்டிக்கொண்டு நடந்தேன்.
எதிரே பைக்கில் வந்தவரைக் கேட்டேன், பஞ்சர் கடை எவ்வளவு தூரம்.
பக்கந்தான்.
ஒரு கிலோமீட்டர் கழித்து
கரும்புச்சாறு வண்டிக்காரரைக் கேட்டேன்.
இந்தா, பக்கந்தான்.
வெயிலில் நடப்பவரிடம்
உண்மையான தூரத்தைச் சொல்வது
இங்கே மரியாதை இல்லை போலும்.

ரைஸ்மில் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவள்
என்னைப் பார்த்து நின்றாள்.
பாய்லர் சுவரோரம் ஒரு முழம் நிழல்,
அதைக் கைகாட்டினாள்.
சொம்புத் தண்ணீரில் உமி மிதந்தது,
ஊதி ஊதிக் குடித்தேன்.
தன் எலுமிச்சைச் சோற்றில் பாதியை
டப்பா மூடியில் தள்ளிவைத்தாள்.
எங்கிட்டுப் போறிய?
அதே பொய். இந்த முறை வாயில் சோறோடு.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ஒரு பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயம்.
தாள் வியர்வையில் நனைந்திருந்தது.
"சிட்டம்மான்னு சொல்லி உண்டியல்ல போட்டுருங்க."
எதுக்குன்னு சொல்லணும்?
"அவருக்குத் தெரியும்."

மறுபடி நெல்லில் இறங்கினாள்.
அவள் கால்பட்டு நெல்லில் கோடுகள் விழுந்தன.
ஒன்றாவது கோணுகிறதா என்று பார்த்தேன். இல்லை.

திருப்பிக் கொடுத்திருக்கலாம்.
நான் கும்பிடுவதை விட்டு இருபது வருஷம் ஆகிறது
என்று சொல்லியிருக்கலாம்.
வாய் நிறையச் சோறு இருந்தது,
அதனால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பஞ்சர் கடை ஜபருல்லா
இரண்டு முள் எடுத்தார். மூன்றாவதைத் தேடி
டயரின் உள்வட்டம் முழுக்க விரலால் தடவினார்.
விரல் கிழிந்த இடத்தில் இருந்தது மூன்றாவது.
காசு நீட்டினேன்.
"மில்லுலேர்ந்து சொல்லிட்டாக.
வேண்டுதலுக்குப் போறவுககிட்ட வாங்குவேனா?"
டியூப் முக்கும் சட்டியிலேயே ரத்தத்தைக் கழுவிவிட்டு
யாருக்கோ போன் போட்டார்.

காரைக்குடிக்குள் நான் வழிதவறிச் சுற்றிய நேரத்தில்
பொய் எனக்கு முன்னால் மிதித்துப் போயிருக்கிறது.
தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு பையன்
சீவிய இளநீரோடு நடுரோட்டுக்கு ஓடிவந்தான்.
"திருச்செந்தூர் அக்காதானே?
அரைமணியா நிக்கிறேன்."

ராத்திரி தேவகோட்டை லாட்ஜில்
செலவு நோட்டைத் திறந்தேன்.
அறை நானூற்று ஐம்பது. சோப்பு பத்து.
வரவு பதினொன்று.
வரவு என்ற சொல்லை அடித்தேன்.
வேறு சொல் அமையவில்லை.
பதினொன்று மட்டும் தனியாக நின்றது,
பக்கத்தில் பேர் எழுதினேன்: சிட்டம்மா.

தூத்துக்குடியிலிருந்து வியாழன் இரவு
ரயில் டிக்கெட் இருக்கிறது என் பெயரில்.
அங்கிருந்து திருச்செந்தூர்
இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

விடியுமுன் கிளம்பினேன்.
ஹேண்டில்பார் பையில் அந்த நாணயம்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்பேனரில் இடித்து
சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.
துணியில் சுற்றினேன். அப்போதும் கேட்டது.

ஊர் எல்லையில்
பால்கேன் கட்டிய மொபெட் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது.
எங்கிட்டு?
திருச்செந்தூர்.
வேண்டுதலா?
"ஆமா" என்றேன்,
"ஒருத்தவுகளோடது."
அவர் என் டயர் இரண்டையும் ஒருமுறை பார்த்தார்.
இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் கிடக்க,
"அப்படின்னாப் பக்கந்தான்" என்றார்.