பன்னிரண்டாயிரம் லிட்டர்

முற்றத்தில் விழும் மழைக்கு மீட்டர் வைத்த வருஷம்
நான் கானாடுகாத்தானில் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.
நாலு பக்க ஓட்டிலிருந்தும் இறங்குகிற தண்ணீர்
அண்டாவைத் தொடுமுன்பே கம்பெனிக்குச் சொந்தம்.
அண்ணாந்து வாயைத் திறந்தவனுக்கும் பில் வந்தது.
நம்பாவிட்டால் போங்கள்.
என் மாமனுக்கு வந்தது,
எழுபது மில்லி, வட்டியோடு.

அடைக்கலத்தை அப்போதுதான் பார்த்தேன்.
பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை.
இடது கண் கொஞ்சம் ஓரம் போகும்.
உன்னைப் பார்க்கிறானா, உன் பின்னால் நிற்பவனையா
என்று யோசித்து முடிப்பதற்குள்
மடியிலிருந்த பணம் அவன் கையில் இருக்கும்.
திருடிய தண்ணீரை
கம்பெனி விலைக்கு ஒரு ரூபாய் குறைத்து விற்றான்.
ஒரே ஒரு ரூபாய்.

அறுபது அறை வீடொன்றில்
சுற்று வட்டாரத்துத் தாகமெல்லாம் கணக்காகக் கிடந்தது.
பெட்டகம் இருந்த அறையில் இப்போது
பச்சை விளக்கு மினுக்கும் கருப்புப் பெட்டிகள்.
ஐப்பசி அமாவாசை.
காவல்கார சாத்தையாவுக்கு இரண்டு கேன் கொடுத்தோம்.
அவர் முதல் கேனின் மூடியோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போதே
சோலைமலை பெட்டியைத் தோளில் தூக்கி வந்துவிட்டான்.
அவனுக்குப் பத்தொன்பது வயசு.
வண்டியில் ஏறியதும் சிரித்தான்.

பழைய விமானத் திடலிலிருந்து பறவைகள் கிளம்பின.
பறவை என்றுதான் சொல்வோம். இறக்கை கிடையாது.
வெளிச்சம் முதுகில் சுட்டது.
ஏற்றத்தில் லாரி முனகியது.
"எடை" என்றான் அடைக்கலம்.
முதலில் டேங்கைப் பார்க்கவில்லை,
சோலைமலையைப் பார்த்தான்.
நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.
இதை விட்டுவிட்டு மீதியைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
புதுவயல் ரயில்வே கேட்டில் அவன் இறங்கினான்.
இறக்கினோம்.
எது சரியான சொல் என்று தெரிந்தால் சொல்கிறேன்.

அப்புறமும் வண்டி ஓடவில்லை.
சிவல்பட்டி ஊருணிக் கரையில் நிறுத்தச் சொல்லி
வால்வைத் திருகிவிட்டான்.
விலை போகாத தண்ணீரைப் பார்த்து
கெட்ட வார்த்தை சொன்னபடியே நின்றான்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
பதினோரு வருஷம் காய்ந்த களிமண்
முதலில் குடிக்கத் தெரியாமல் விழித்தது.
பிறகு ஒரு சத்தம் கேட்டது,
மாடு நாக்கை இழுப்பது மாதிரி.
நாங்கள் காத்திருக்கவில்லை. லாரி பறந்தது.

விடியற்காலை தைலமரக்காட்டில் பெட்டியைத் திறந்தான்.
நாற்பத்து மூவாயிரம் பேர்.
தன் பேரைத் தேடி அழித்தான்.
"என்னுடையது?" என்றேன்.
"நீ என்ன தருவே?"
தாலியில் கோத்திருந்த இரண்டு குண்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
ரோசம்மாள், மேலூரணித் தெரு என்பது மறைந்தது.
மற்றவர்களைக் கம்பெனிக்கே திருப்பி விற்றான்.
நல்ல விலை.
சோலைமலையின் பேரும் அதற்குள்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அந்த வழியாகப் போனோம்.
ஊருணிக் கரையில் செம்புரான் கல்லில் ஒரு மேடை.
மேலே மீசை வைத்த மண் உருவம்,
கையில் வால்வு திருகும் சாவி,
காலடியில் சுருட்டு, ஒரு சொம்புத் தண்ணீர்.
அமாவாசை தோறும் படையல் என்றார்கள்.
நிறைந்த கடனையெல்லாம் எரித்த சாமி என்றார்கள்.
தலைக்கட்டு வரி ஐநூறு,
வழிப்போக்கர் இஷ்டம் போல.

அடைக்கலம் பேரம் பேசினான்.
நூறு என்றான், எண்பது என்றான்,
கடைசியில் கொடுக்காமலே வண்டியில் ஏறினான்.
கோட்டையூர் தாண்டும் வரை பேச்சில்லை.
அப்புறம் முகத்தைத் திருப்பாமல் கேட்டான்:

"கண்ணை நேரா வச்சுட்டானுகளே, பாத்தியா?"

நான் கியரை மாற்றினேன்.
அந்தச் சொம்புத் தண்ணீரை
யாரும் பார்க்காதபோது நான் குடித்துவிட்டு வந்ததை
அவனிடம் சொல்லவில்லை.