கால் சுற்று

வியாழக்கிழமை மாடு குறுக்கே வந்தது,
மில்லுக்கு இறங்கும் சரிவில்.
பின்னால் நான்கு குண்டான் சாம்பார்.
மிதித்தேன். இரும்பை இரும்பு தின்னும் ஓசை.
வண்டி நின்றபோது
மாடு தன் வாலால் பானெட்டில் ஒருமுறை
ஈ ஓட்டிவிட்டுப் போனது.

“பேட் தேஞ்சிருச்சு அக்கா, டிஸ்க்கும் போச்சு,
ரெண்டு பக்கமும் எழுநூறு,” என்றான் ஆ லியோங்,
கையைத் துணியில் துடைத்தபடி.
எழுநூறு ரிங்கிட் எங்களுக்கு
ஒரு காதுகுத்து விருந்தில் மிஞ்சும் காசு.
சாமான் மட்டும் கூலிமில் இருநூற்று அறுபது.
பெட்டிகளை மடியில் ஏந்தி பஸ்ஸில் திரும்பினாள்
தவமலர், என் நாத்தனார்.

இந்த ஹைலக்ஸில் அவள் சீட்டுப் பணம் பாதி, என்னுடையது பாதி.
பிரேக்கைத் தின்றது யார் என்பதில்தான்
இன்னும் பங்கு பிரியவில்லை.
“இறக்கத்துல நீ காலையே எடுக்க மாட்டே.”
“நீ என்னைக்காவது கியரைக் குறைச்சிருக்கியா?”

ஞாயிறு. பாடாங் செராய் மழைக்கு முந்திய புழுக்கத்தில்.
பின் சக்கரத்துக்குச் செங்கல், முன்னால் ஜேக்.
சக்கரம் சுலபம். கேலிப்பரும் சுலபம்,
ரப்பர் குழாயில் பாரம் விழாமல்
கம்பி கட்டி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம்.
பேட் ஒருபக்கம் பிஸ்கட், மறுபக்கம் காகிதம்.

டிஸ்க் வரவில்லை.

பதினொரு வருஷத்து மழை
அதை ஹப்போடு சேர்த்தே வார்த்துவிட்டிருந்தது.
எண்ணெய் அடித்துக் காத்திருந்தோம்.
சுத்தியலால் அடித்தேன்.
பிறகு மாட்டை நினைத்து அடித்தேன்.
பெரிய சுத்தியலோடு ரொஸ்லானும் வந்தான்,
குனிந்து பார்த்தான், தேநீர் குடித்தான், போனான்.
இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிய குணாளன்
ஜன்னலைத் திறந்து
“செத்துருச்சா?” என்று கேட்டு மூடிக்கொண்டார்.

இரண்டு மணிநேரம் கழித்துத்தான் அவள் கண்ணில் பட்டது:
சக்கர போல்ட்டுகளுக்கு நடுவே
துரு அடைத்த இரண்டு சின்ன ஓட்டை.
ஊக்கால் சுரண்டினாள்.
“இதுல எதுக்கு மரை இருக்கு?”
எதையும் பூட்டாத மரை.

உள்ளே ஓடி
கிரைண்டர் ஸ்டாண்டின் காலிலிருந்து
இரண்டு போல்ட் கழற்றி வந்தாள்.
பொருந்தியது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
ஆளுக்கொரு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்.
ஒரு பக்கமே இறுக்கினால் கோணிக்கொள்ளும்,
அவசரப்பட்டால் மரை அறுந்துவிடும்.
நான் கால் சுற்று. “இப்ப நீ.”
அவள் கால் சுற்று. “இப்ப நீ.”
வியாழனுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்
அதுதான் நீளமானது.

டப்பென்று, சிதறுகாய் உடைந்த மாதிரி.
டிஸ்க் என் மடியில் விழுந்தது,
ஆறு மாதப் பிள்ளையின் கனம்.
கைலியெல்லாம் துருப்பொடி.
அவள் சிரித்தாள், பல்லிலும் துரு.

மறுபக்கத்துக்கு இருபது நிமிஷம்.

ஹப்பை உப்புத்தாளில் தேய்த்து,
புதுசை மாட்டி, எல்லாம் பூட்டி,
அவள் ஏறி பெடலை மிதித்தாள்.
முதலில் மாவாய் இறங்கியது.
ஏழாவது மிதியில் கல்.

புது பிரேக்கைப் பழக்கவேண்டுமாம்,
பெட்டியில் எழுதியிருந்தது:
அறுபதில் போ, மெல்லப் பத்துக்குக் குறை,
ஆறவிடு, மறுபடி. இருபது தரம்.

செம்பனைக்கு நடுவே நேர்ச் சாலை.
மாடில்லை, குலை ஏற்றும் லோரியில்லை,
வேகம் குறைக்க ஒரு காரணமும் இல்லை.
அவள் மிதித்தாள், நான் எண்ணினேன்.
போய்ப் போய்த் திரும்பிய எங்களை நிறுத்தி
காவல் சாவடி நேப்பாளி
டார்ச் அடித்து, என்ன தொலைந்தது என்று மலாயில் கேட்டான்.
ஒன்றுமில்லை என்றோம். நம்பவில்லை.

தூறல் விழுந்தது.
நாளைக்கு நூற்றிருபது இட்லி.
வீட்டில் கிரைண்டர் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது,
போல்ட்டுகள் டேஷ்போர்டில் உருண்டுகொண்டிருந்தன.

“இருபது,” என்றேன்.
“பத்தொன்பது,” என்றாள்.
அதனால் இன்னொரு தரம் மிதித்தாள்.