இந்த முகவரியில் ஏற்கனவே

பள்ளத்தூரில் இருநூறு வீட்டுக்கு
ஒரு வருஷம் இலவச டேட்டா, நாளுக்கு ஒன்றரை ஜிபி.
அறக்கட்டளை கொடுத்த பட்டியலோடு
வெயிலில் இறங்கினேன்.
விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்.
டேட்டா இல்லை என்று சொல்ல
டேட்டா வேண்டும்.
முதல் நாள் பதினோரு மணிக்கே
என் போன் வறண்டுவிட்டது.

நூற்றுப் பதினேழாவது பெயர் இராக்கு.
கணவர் சேவுகமூர்த்தி, வாட்ச்மேன்.
மாத வருமானம் ஏழாயிரம்.
முகவரி கேட்டேன்.
மாட்டுக்கொட்டிலில் நின்றபடி
கையை வீசி
அறுபத்து மூன்று ஜன்னலையும் காட்டினாள்.

அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது.
'இந்த முகவரியில் ஏற்கனவே இணைய இணைப்பு உள்ளது.
நீங்கள் தகுதி பெறவில்லை.'

இயந்திரம் பொய் சொல்லவில்லை.
முகப்பில் இரண்டு கேமரா, வளவில் நாலு,
இரண்டாங்கட்டில் ஒன்று, கொல்லைக் கதவில் ஒன்று.
ஆளில்லாத வீட்டை
இரவும் பகலும் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது ஃபைபர்.
புறா வந்து உட்கார்ந்தாலும்
அங்கே முதலாளியின் மணிக்கட்டு அதிரும்.
பாஸ்வேர்டு என்னவென்று
சேவுகமூர்த்தி கேட்டதே இல்லை.
"கேட்டா, கேட்டவன்னு ஆயிருவேன்ல."

மகள் தர்ஷிகா பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
பாடம் பிடிஎஃப்பில் வருகிற நாளெல்லாம்
கோட்டையூர்த் தோழி வீடுவரை சைக்கிள் மிதிப்பவள்.
அவள்தான் சொன்னாள்:
"அக்கா, இந்த வீட்டுக்கு
இன்னொரு தெருவும் இருக்கு."

இருந்தது.
ஒரு தெருவில் வாசல் வைத்து
கட்டு கட்டாக நடந்து நடந்து
அடுத்த தெருவில்தான் மூச்சு விடுகிறது அந்த வீடு.
கொல்லைக் கதவின் நிலையில் சுண்ணாம்பைச் சுரண்டினோம்.
துருப்பிடித்த தகரத்தில் எண் 11.
இது சரியா என்று மனசாட்சியைக் கேட்டேன்.
அதற்கும் அங்கே சிக்னல் இல்லை.

ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது.

அன்று ராத்திரி பத்து மணிக்கு இராக்கு கூப்பிட்டாள்.
"இன்னைக்கு மிஞ்சினது நாளைக்குச் சேருமா?"
சேராது, பன்னிரண்டு அடித்தால் போய்விடும் என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.
"சோறு மிஞ்சினா தண்ணி ஊத்தி வைக்கலாம்.
இதை என்னங்க பண்றது?"

அடுத்த வாரம் தர்ஷிகா ஒரு படம் அனுப்பினாள்.
கொல்லைக் கதவு திறந்திருக்கிறது.
படியிலும் தெருவிலும்
தாடையில் வெளிச்சம் விழுந்த முகங்கள்:
மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் செகதா,
ரீசார்ஜ் முடிந்துபோன ஆட்டோ நாகு,
எந்தப் பட்டியலிலும் என்னால் சேர்க்க முடியாத
பீகார்ப் பையன்கள் இரண்டு பேர்.
அவர்களில் ஒருவன் போனில்
யாரோ சிரிக்கிறார்கள், படம் உறைந்திருக்கிறது.
இராக்கு நடுவில் உட்கார்ந்து
ஹாட்ஸ்பாட்டை மடியில் வைத்திருக்கிறாள்,
சட்டி சூடு பொறுக்காதவள் போல
முந்தானையில் சுற்றி.

எட்டாவது கேமராவும் இதைப் பார்த்தது.
சிங்கப்பூரில் அப்போது விடியற்காலை இரண்டு.
"கொல்லையில என்ன கூட்டம்?" என்று கேட்டு வந்தது.
சேவுகமூர்த்திக்கு டைப் அடிக்க வராது.
மைக்கை அழுத்திப் பிடித்துச் சொன்னாராம்:
"மிஞ்சினதப் பரிமாறிக்கிட்டிருக்கோம் ஐயா.
பன்னெண்டுக்குச் சாத்திருவோம்."

இரண்டு டிக்கும் நீலமாயின.
பதில்
இன்னும் வரவில்லை.