ஏழு பங்கு

கிளம்பும் முன்பே பங்கு பிரித்தாயிற்று.
பின்தொடை துப்பாக்கிக்காரனுக்கு.
ஈரல், நாய் கொண்டுவரும் ஈசாக்குக்கு.
தோல் எனக்கு.
கொம்பு மட்டும் பட்டைக் காண்டிராக்டர் மத்தாயிக்கு:
முன்பணம் பதினைந்து ரூபாய்,
அதில் மருந்தும் கேப்பும் போக
மிச்சத்துக்குச் சாராயம்.
கவுஞ்சியிலிருந்து போனது நாலு பேர்.
ஏழு பங்கு எப்படி வந்ததென்று
இன்றுவரை கணக்குத் தெரியாது.

முதல் நாளே நின்றது.
கூக்கலுக்கு மேலே
சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பில்,
நனைந்த பாறை நிறத்தில் ஒரு கடமான்.
எனக்குத் தும்மல் முட்டியது.
மூக்கைப் பிடித்து, மூச்சைப் பிடித்து
அடக்கியே விட்டேன்.
"தும்மிறாதடா" என்று
வேலப்பன் சொன்ன ரகசியம்
மன்னவனூர் வரை கேட்டிருக்கும்.

மறுநாள் மஞ்சு.
மூன்று மணிநேரம் முட்டி தேயத் தவழ்ந்து
அட்டைகளுக்கு ஆளுக்கொரு கால் கொடுத்து
சுட்டே விட்டோம்,
ஒரு பாறையை.
காயம் இன்னும் இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

ஈசாக்கு சதுப்பில் இறங்கியது அன்றைக்குத்தான்.
இடுப்பு வரை போனான்.
போகும்போதும் புத்தி போகவில்லை,
துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.
மருந்துப் பை இடுப்பில் இருந்தது.
நாய் கரையில் நின்று
எங்களைப் பார்த்துக் குரைத்தது,
மானைப் பார்த்து ஒருநாளும் குரைக்காத நாய்.

ஈர மருந்தை அடுப்போரம் காயவைத்த
அறிவாளி யாரென்று கேட்காதீர்கள்.
புருவம் முளைக்க மாசி வரை ஆயிற்று.

பிறகு அந்த விடிகாலை.
சீகை மரங்களுக்குப் பின்னால்
நான் குந்தியிருந்தேன், வேறு வேலையாக.
வேட்டி சுருட்டிய கையில் துப்பாக்கி ஏது.
பத்து முழத்தில் வந்து நின்றது.
வாயோரம் ஓடைப்பாசி தொங்கியது.
உடம்பெல்லாம் ஆவி.
கண்ணுக்குக் கீழே இன்னொரு கண் போல
ஒரு குழி திறந்து மூடியது.
என்னை முழுசாகப் பார்த்துவிட்டு
பொருட்படுத்தாமல் போனது.
இதை மற்ற மூவருக்கும் சொல்லவில்லை.

கடைசிச் சாயங்காலம்
என் முறை.
இருந்த மருந்தையெல்லாம் இடித்து நிரப்பிய குழல்.
காற்று எங்கள் பக்கம்.
அதே மானா, தெரியாது.
விலா தெரிய ஓடைக்குத் திரும்பி நின்றது.
வேலப்பன்கூட மூச்சு விடவில்லை.
இழுத்தேன்.
குதிரை விழுந்தது:
டிக்.

அவ்வளவுதான் சத்தம்.
கடமான் தலை தூக்கியது.
காதுகளை எங்கள் பக்கம் திருப்பி
அடுத்தது என்ன என்று காத்தது.
நானும் அதற்குத்தான் காத்தேன்.
இரண்டு பேருக்கும் இடையில்
வராத அந்த வெடி
நெடுநேரம் நின்றது.
பிறகு முன்காலால் ஒரு உதை,
ஒரு ஒற்றைக் கனைப்பு,
சோலை அதை மூடிக்கொண்டது.

வீடு வந்தால்
உருளைப் பாத்தி முழுக்கக் குளம்பு.
நாலு ராத்திரி, நாலு வீட்டுக் காடும் மேய்ந்திருக்கிறது.
காவல் பரணில் ஆளில்லை,
காவல்காரர்கள் வேட்டைக்குப் போயிருந்தோம்.
செவந்தி ஒன்றும் சொல்லவில்லை.
கறிக்கென்று அரைத்து வைத்த மசாலாவை
மிஞ்சிய கிழங்கில் போட்டு இறக்கினாள்,
ஏழு தட்டு வைத்தாள்.
அந்த மூன்று தட்டுக்கு யார் வந்தார்கள் என்றா?
நாய்க்கு ஒன்று போயிற்று.

பங்குனியில் வரப்போரம் ஒரு கொம்பு கிடந்தது,
அதுவாக உதிர்த்தது, ஒற்றை.
மத்தாயி அதற்கு ஏழரை ரூபாய் கழித்தான்.
பாக்கி ஏழரை
அவன் மலையிறங்கிப் போகும் வரை
என்னைப் பிடித்திருந்தது.

துப்பாக்கியை வேலப்பன் எப்போதோ விற்றுவிட்டான்.
ஆனால் ராத்திரியில் காற்றுக்குக்
கொல்லைக் கதவின் கொண்டி விழும்போது
டிக் என்று ஒன்று கேட்கும்.
தலை தூக்கி,
அடுத்த சத்தத்துக்கு
காது கொடுத்துக் கிடப்பேன்.