ரிங் மெயின்

மழை விட்டு மூன்றாம் இரவு.
வேளச்சேரி ஏரிக்கரைக் குறுக்குத்தெருவில்
மின்வாரிய வேன் வந்து நின்றது.
ஜெபக்கனி இறங்கினார், கையில் ஒரு பெட்டி:
சின்னத் திரை, இரண்டு கிளிப், ஒரு பச்சைக் கோடு.

மெழுகுவர்த்தியில் திருத்திக்கொண்டிருந்த
முப்பத்தோராம் பக்கத்தைக் கவிழ்த்துவிட்டு
நானும் கீழே போனேன்.
வேடிக்கை பார்க்கத்தான்.

பெட்டி ஒரு துடிப்பை அனுப்புகிறது.
தரைக்குள் அது கண்ணில்லாமல் ஓடுகிறது.
இணைப்பு வந்தால் கொஞ்சம் திரும்பும்,
மீதி மேலே போகும்.
கிளை வந்தால்
எந்தப் பக்கம் என்று யோசிப்பதில்லை,
எல்லாப் பக்கமும் போகும்.

திரையில் இரண்டு மேடு.
"அறுபத்தொரு மீட்டர்ல ஜாயின்ட் போயிருக்கு மேடம்.
நூத்தி இருபத்திரெண்டுல ஒண்ணு தெரியுது பாருங்க, அது பொய்.
இதே ஜாயின்ட்தான், ரெண்டு தடவ மோதி வருது.
புதுப் பசங்க அங்கதான் தோண்டுவாங்க."

தரமணியில் ஏழு வருடமாக
நானும் இந்த வேலைதான் என்று
அவரிடம் எப்படிச் சொல்வது.
என் கம்பிகளுக்குத் தடிமன் இல்லை.
சில கம்பிகளுக்கு முடிவும் இல்லை.
முனைக்கு முனை ஒரே சட்டம்:
சரிவுகளைக் கூட்டினால் சுழியம்.
தொலைவிலிருந்து ஓர் அலை வரும்,
கோட்டுருவுக்குள் நுழைந்து அலைக்கழிந்து
தொலைவுக்கே போய்விடும்.
எந்தச் சந்தில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டது என்பதை
அது வெளியே வந்த தாமதத்தில் படிக்க வேண்டும்.
உள்ளே போய்ப் பார்க்க அனுமதியில்லை.

"எந்த ஊரு நீங்க?"
இதைக் கேட்காமல் சென்னையில் யாரும்
மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதில்லை.
"ராசிபுரம்."
"நமக்குச் சாத்தான்குளம். வந்து பத்தொம்பது வருசம்.
போயிருவேன், பசங்க படிப்பு முடியட்டும்."
நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
பசங்க இல்லாமலே.

பிறகு ஸ்பேனர் முனையால்
ஈரமண்ணில் ஒரு வட்டம் போட்டார்.
"இது ரிங் மெயின். இந்தப் பக்கம் அறுந்தா
அந்தப் பக்கமாச் சுத்திக் குடுக்கலாம்.
இப்ப ரெண்டு பக்கமும் போச்சு."

வட்டத்திலிருந்து வெளியே ஒரு கோடு.
முப்பத்தோராம் பக்கத்தில் என் படமும் அதுதான்.

வளையத்துக்குள் ஓர் அலை உண்டு.
வாசல் முனைக்கு வரும்போது மட்டும்
சரியாகச் சுழியமாகிவிடும்.
ஒரு புறம் ஏறுவது மறுபுறம் இறங்கும்,
கணக்கு நேராகும்,
வெளிக்கம்பிக்கு ஒரு சொட்டும் கசியாது.
எத்தனை துடிப்பு அனுப்பினாலும் அதன்மேல் படாது.
பச்சைக் கோட்டில் மேடு எழும்பாது.
தேற்றத்தின் இரண்டாம் பாதி அது.
அழகில்லை என்று அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன்:
உள்ளே வந்ததெல்லாம் வெளியேறும்.
வெளியேறாமல் தங்குவது
வந்ததே இல்லை.

தெருக்கோடியில் இன்னும் முழங்கால் தண்ணீர்.
மூன்று மோட்டார் போட்டு இறைத்தாயிற்று.
போகிற தண்ணீர் முதல் நாளே போய்விட்டது.
பத்திரத்தில் மனை எண் பதினான்கு,
அதற்குள் ஒரு தவளை
வில்லங்கச் சான்று கேட்காமல் கத்திக்கொண்டிருந்தது.

"எங்கேருந்துதான் வருதோ இவ்ளோ தண்ணி!"
மூன்றாவது மாடியில் யாரோ எரிச்சலானார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
தெருவின் பெயர்ப்பலகை என் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது.

இரண்டரைக்கு அறுபத்தொன்றில் தோண்டினார்கள்.
பொய் மேட்டை யாரும் தொடவில்லை.
இணைப்பின் உறையை அறுத்ததும்
உள்ளேயிருந்து ஒரு டம்ளர் அளவு தண்ணீர்.
ஜெபக்கனி கையில் பிடித்து முகர்ந்துவிட்டு
ஓரமாக உதறினார்.
சரிவு பார்த்து ஓடி
அது கோடித் தண்ணீரில் சேர்ந்துகொண்டது.

நாலே காலுக்குக் கரண்ட் வந்தது.
ஃபேன் சுற்றி எல்லாப் பக்கமும் பறந்தன.
முப்பத்தொன்றைக் கட்டிலுக்கடியில் பிடித்தேன்.
அடிக்குறிப்பை மேலே ஏற்றினேன்,
எழுத்தளவு எட்டிலிருந்து பன்னிரண்டு.